பழைய வீட்டுச் சுவரும் சுண்ணாம்புக் காரையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஆண்டறிக்கையுடன் வெளிவரும் இம்மலரில் பெரியோர்களின் வரலாற்றையும் ஊர்களின் வரலாற்றையும் எழுதிவருவது வழக்கம். இம்முறை ஒரு சுவரின் வரலாற்றை எழுத முன்வந்துள்ளோம். சுவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் வியக்கக்கூடும். நம் ஜமாஅத்தில் அறுபது, எழுபது ஆண்டுகளைக் கடந்த வீடுகள் இன்னும் பல உள்ளன. ஒவ்வொரு மழைக்காலமும் முடிந்தவுடன் அவ்வீட்டார் நம்மிடம் கூறும் முறையீடு ஒன்றே: "ஹஜ்ரத், சுவர் பொரிகிறது, காரை கொட்டுகிறது. சென்ற பெருநாளுக்கு அடித்த பெயின்ட் ஏடு ஏடாக உரிகிறது."

இதற்கு ஊரில் சொல்லப்படும் தீர்வும் ஒன்றே: "பழைய காரையை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசுங்கள்." இத்தீர்வை நாமும் நமது வீட்டில் செய்து பார்த்தவர்கள்தாம். அதன் விளைவையும் அனுபவித்தோம். பழைய சுவர்களின் வரலாற்றை முன்னரே அறிந்திருந்தால் அத்தவற்றைச் செய்திருக்க மாட்டோம். நாம் அறியத் தவறியதை நம் சகோதரர்களாவது அறிந்துகொள்ளட்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆண்டுதோறும் பூசப்பட்ட வீடுகள்

மனிதன் வீடு கட்டி வாழத் தொடங்கிய காலத்திலிருந்தே சுவருக்குப் பூச்சு இடும் வழக்கமும் தொடங்கிவிட்டது. இன்றைய துருக்கியில் சதல்ஹூயுக் என்னும் இடத்தில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முற்பட்ட குடியிருப்பு ஒன்று உள்ளது. 1960களின் தொடக்கத்திலும், பின்னர் 1993 முதல் கால் நூற்றாண்டுக் காலமும் அங்கே அகழாய்வுகள் நடைபெற்றன. அவ்வீடுகளின் மண்சுவர்களில் வெண்களிமண் பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாகப் பத்துக்கணக்கான அடுக்குகளாக இருப்பதை ஆய்வாளர்கள் கண்டனர். மரத்தின் வளையங்களைப் போல அவ்வடுக்குகள் வீட்டின் வயதைச் சொல்கின்றன. அடுப்புப் புகையால் கறுத்த சுவரை அம்மக்கள் திரும்பத் திரும்பப் பூசி வெண்மையாக்கி வாழ்ந்துள்ளனர். ஜோர்டானின் தலைநகர் அம்மான் அருகிலுள்ள ஐன் கஸாலிலும் அதே பழமையுடைய சுண்ணாம்புப் பூச்சுத் தரைகள் கிடைத்துள்ளன.

இதில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. பூச்சு என்பது ஒருமுறை இட்டு மறந்துவிடுவதற்கு உரியது அன்று. அது சுவரின் ஆடை. ஆடை கிழியும், தைக்கப்படும், மாற்றப்படும். அதனால் உள்ளிருக்கும் உடல் காக்கப்படும்.

சுண்ணாம்பின் இயல்பு

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், அதிலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோ சுட்டால் 44 கிலோ வாயுவாகப் போய்விடும். எஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்து, ஆவி எழுப்பி, நீறிப் பொடியாகவோ வெண்ணெய் போன்றோ ஆகிவிடும். அதனை மணலுடன் அரைத்துச் சுவரில் பூசியபின், காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மீண்டும் கல்லாக மாறுகிறது. கல்லாக இருந்தது தீயிலும் நீரிலும் காற்றிலும் பயணம் செய்து மறுபடியும் கல்லாகிறது. இம்மாற்றம் மெதுவாகவே நிகழும். சுண்ணாம்பு வேலைக்குப் பொறுமை தேவைப்படுவது இதனால்தான்.

உரோமர்கள் இப்பொறுமையைச் சட்டமாகவே ஆக்கியிருந்தனர். மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக ஊறிய சுண்ணாம்பைக் கட்டட ஒப்பந்தக்காரர் பயன்படுத்தக்கூடாது என்று பழைய சட்டங்கள் இருந்ததாக, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி எழுதியுள்ளார். அவருக்கு முந்தைய விட்ருவியஸ் என்னும் கட்டடக் கலைஞர், சரியாக நீறாத சுண்ணாம்புத் துகள் பூச்சுக்குள் இருந்தால் பின்னாளில் கொப்புளம் கிளப்பும் என்று எச்சரித்துள்ளார். மணற்சாந்து மூன்று படையும், அதன்மேல் பளிங்குப் பொடிச் சாந்து மூன்று படையும் பூசவேண்டும் என்பது அவர் வகுத்த முறை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இவ்விதிகளை நம் ஊர்க் கொத்தனார்களும் தம் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர்.

இலண்டன் வரை சென்ற சென்னைச் சாந்து

தமிழகத்தின் சுண்ணாம்பு வேலை கடல் கடந்து புகழ் பெற்றது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் மிகச் சிறந்த சாந்து தயாரிக்கும் முறையை எழுதி இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். 1730களின் தொடக்கத்தில் அது அச்சங்கத்தின் இதழில் வெளியானது. சுண்ணாம்போடு வெல்லம் கரைத்த நீர், கடுக்காய் ஊறிய நீர், முட்டையின் வெள்ளைக்கரு, நெய், தயிர் ஆகியவற்றைச் சேர்க்கும் முறை அதில் விவரிக்கப்பட்டுள்ளது. வெள்ளைக்காரர் வியந்து எழுதிக்கொண்ட அந்தச் சமையற்குறிப்பு நம் பாட்டனார் காலத்துக் கொத்தனார்களுக்கு வாய்ப்பாடமாக இருந்தது.

அரைத்துக் கல்லால் தேய்த்து மெருகேற்றிய இப்பூச்சு பளிங்கைப் போல முகம் காட்டும். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலின் சுதை வேலைப்பாடுகள் கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் கொண்டு செய்யப்பட்டவை. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மாளிகை பின்னர் சிதைந்து கிடந்தபோது, 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதனைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். இடிந்ததை இடித்துத் தள்ளாமல் செப்பனிட்டதனால்தான் இன்றும் அதனை நாம் காண்கிறோம்.

ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் வேறொரு நிலைமை. பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறோம் என்று கூறி, பல நூற்றாண்டுப் பூச்சுகளைச் சுரண்டி எடுத்துக் கல்லை வெளியே தெரியச் செய்துவந்தனர். இதனை எதிர்த்து வில்லியம் மோரிஸ் என்பவர் 1877இல் பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தை நிறுவினார். "சுரண்டாதே சங்கம்" என்று பொருள்படும் செல்லப்பெயரும் அதற்கு வழங்கிற்று. பழையதை அகற்றிப் புதியது இடுவதைவிட, அவ்வப்போது கவனித்துச் சிறு பழுதைச் சிறிதாக இருக்கும்போதே நீக்குவது மேல் என்பது அவர்களின் கொள்கை.

நம் கடற்கரை வீடுகள்

நமது வீடு 1938ஆம் ஆண்டு நம் பாட்டனார் பர்மாவிலிருந்து திரும்பி வந்து கட்டியது. முற்றத்தின் மூலையில் குழி வெட்டி, மாதக்கணக்கில் சுண்ணாம்பை ஊறவைத்ததாக வாப்பா அவர்கள் கூறக் கேட்டுள்ளோம். மாடு பூட்டிய கல்செக்கில் சாந்து அரைபட்ட நாட்களில் சிறுவர்கள் அப்பக்கம் போகத் தடை இருந்ததாம்.

மன்னார் வளைகுடாக் கரையின் ஊர்களில் அக்காலத்தில் கிளிஞ்சலோடு பவளப்பாறையையும் வெட்டிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். அதற்குக் கடல் கொடுத்த விலை பெரிது. தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பவளப்பாறை வெட்டப்பட்டதே அதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது. அப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே இன்று சுண்ணாம்பு வேலை செய்வோர் கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோதான் நாடவேண்டும். பவளக்கல்லைத் தொடுதல் ஆகாது.

ஆண்டுக்கொருமுறை, பெரும்பாலும் ரமலானுக்கு முன், வீடு முழுவதும் வெள்ளையடிக்கப்படும். நீர்த்த சுண்ணாம்பில் சோற்றுக் கஞ்சியும் சிறிது நீலமும் கலந்து, நார் மட்டையால் இழுப்பார்கள். சிறுவயதில் நாமும் வாளி தூக்கியிருக்கிறோம். அந்த வெள்ளை, அழகுக்காக மட்டும் அடிக்கப்பட்டதன்று. நூலளவு வெடிப்புகளுக்குள் சுண்ணாம்பு நீர் இறங்கிக் கல்லாகி அவற்றை அடைத்துவிடும். வெள்ளையடிப்பே ஆண்டுதோறும் நடந்த பழுதுபார்ப்பு என்பதை அன்று நாம் அறியவில்லை.

சிமெண்டின் வருகை

இங்கிலாந்தில் எடிஸ்டன் கலங்கரை விளக்கத்தைக் கட்டும் பணியை 1756இல் ஏற்ற ஜான் ஸ்மீட்டன், களிமண் கலந்த சுண்ணாம்புக்கல் நீருக்குள்ளும் இறுகும் என்று கண்டறிந்தார். 1824இல் லீட்ஸ் நகரின் கொத்தனாரான ஜோசப் ஆஸ்ப்டின் "போர்ட்லண்ட் சிமெண்ட்" என்னும் பெயரில் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்திக்கான முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடைபெற்றது, அது நிலைக்கவில்லை. 1914இல் குஜராத்தின் போர்பந்தரில் உற்பத்தி தொடங்கியது. தமிழகத்தில் மதுக்கரை, டால்மியாபுரம், தாழையூத்து ஆகிய இடங்களில் 1934 முதல் 1949 வரையிலான காலத்தில் ஆலைகள் எழுந்தன.

ஆயினும் சாதாரண வீடுகளுக்குச் சிமெண்ட் நெடுநாள் எட்டாப் பொருளாகவே இருந்தது. விலையும் விநியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. பெர்மிட் இன்றி மூட்டை கிடைக்காத காலத்தை நம் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1982இல் அக்கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989இல் முற்றிலும் நீக்கப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் வளைகுடா நாடுகளில் உழைத்த நம் சகோதரர்களின் பணமும் ஊருக்கு வரத் தொடங்கியது. கிடைக்காதிருந்த பொருள் கடைதோறும் கிடைத்தது; வாங்கக் கையில் பணமும் இருந்தது. ஓரிரு பத்தாண்டுகளில் சுண்ணாம்புக் காளவாய்கள் அணைந்தன. செக்குக் கற்கள் குப்பைமேட்டுக்குப் போயின. கொத்தனார்களின் பிள்ளைகள் சிமெண்ட் வேலையை மட்டுமே கற்றார்கள்.

சிமெண்டை நாம் குறை கூறவில்லை. தூணுக்கும் தளத்துக்கும் அதற்கு நிகர் இல்லை. அதற்குரிய இடம் வேறு, நூறாண்டுச் செங்கற்சுவர் வேறு என்று அறியாததே குறை.

நாம் செய்த தவறு

2006ஆம் ஆண்டு நமது வீட்டின் உள்ளறைச் சுவர்களில் அடிப்பகுதிக் காரை பெயர்ந்தது. "ஒரேயடியாகச் சிமெண்ட் பூசிவிட்டால் ஆண்டுதோறும் வெள்ளையடிக்கும் தொல்லை தீர்ந்தது" என்று சகோதரர்களும் நாமும் முடிவு செய்தோம். "வாப்பா காலத்துக் காரை, நல்லா இருக்கிற இடத்தையும் ஏன் கொத்துறீங்க?" என்று உம்மா கேட்டார்கள். அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஆயினும் கொத்தினோம். உளி பட்டும் விழ மறுத்த காரையைச் சம்மட்டியால் அடித்து விழச் செய்தோம். சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தோம். வீடு புதிதுபோல் விளங்கிற்று.

மூன்றாவது மழைக்காலத்தில் முழங்கால் உயரத்தில் நின்றிருந்த ஈரம் தோளுயரத்துக்கு ஏறியது. பெயின்ட் கொப்புளித்தது. கொப்புளத்தைக் கீறினால் உள்ளே பஞ்சுபோல் உப்பு. ஈண்டும் பட்டி, மீண்டும் பெயின்ட் என்று சில ஆண்டுகள் கழிந்தன. மூலையில் கரும்பூஞ்சை படர்ந்தது. மூச்சிரைப்பு உடைய உம்மாவின் கட்டிலை அவ்வறையிலிருந்து தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகள் படுத்த இடத்தை விட்டு அவர்கள் எழுந்தபோது ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் நம்மை மிகவும் உறுத்தியது.

பின்னர் எழுபது வயதைக் கடந்த கொத்தனார் ஒருவரை அழைத்துவந்து காட்டினோம். அவர் சுவரை விரலால் தட்டிக்கொண்டே சென்று, "சுவருக்கும் வேர்க்கும் ஹஜ்ரத். வேர்க்கிற உடம்புக்கு ரப்பர் சட்டை போட்டுட்டீங்களே" என்றார்.

அவர் ஒரு வாக்கியத்தில் கூறியதன் விளக்கம் இதுதான். பழைய சுவர்களின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. நிலத்து ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியே உப்பையும் கரைத்துக்கொண்டு மேலேறும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே ஆவியாக விட்டுவிடும். உப்பு காரையில் படியும், நாளடைவில் காரை உதிரும், செங்கல் பிழைக்கும். காரை தன்னை இழந்து சுவரைக் காக்கிறது. சிமெண்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரம் தேடி ஏறும். உப்பு செங்கலுக்குள்ளேயே படிகமாகி விரிந்து செங்கலைப் பொடியாக்கும். அன்றியும் சிமெண்ட் பழைய செங்கலைவிடக் கடினமானது. வெயிலுக்கும் மழைக்கும் சுவர் சிறிது அசையும்போது அது வளையாது, வெடிக்கும். வெடிப்பு வழியே புகுந்த நீர் திரும்பிவர வழியின்றி உள்ளே தங்கும்.

செப்பனிடும் முறை

அக்கொத்தனாரின் வழிகாட்டலில் நாம் செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, நீர் வரும் வழியை அடைத்தல். கூரை ஒழுக்கு, உடைந்த மழைநீர்க் குழாய், சுவரோரம் குவிந்த மண், சுவரை ஒட்டிய சிமெண்ட் தளம் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பூச்சில் கை வைப்பது வீண். நம் வீட்டில் கொல்லைப்புற மண் சுவரின் அடிக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தது. அதை வெட்டி எடுத்தபோதே பாதி ஈரம் குறைந்தது.

இரண்டாவது, தட்டிப் பார்த்தல். விரல் முட்டியால் தட்டினால் பற்றுள்ள இடம் கெட்டியாக ஒலிக்கும். பற்று விட்ட இடம் பானைபோல் ஒலிக்கும். பற்று விட்டதை மட்டுமே எடுக்கவேண்டும். கெட்டியான பழைய காரையைக் கொத்துவது, இருக்கும் செல்வத்தை எறிவதாகும். சிமெண்ட் பூசிய சுவரிலும் இதே விதிதான். செங்கல்லோடு இறுகிய சிமெண்டைப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் உடன் வந்துவிடும். அதை விட்டுவைப்பதே நலம்.

மூன்றாவது, சாந்து. ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. உப்பைத் துடைப்பத்தால் உலர்வாகப் பெருக்கி அகற்றிய பின், சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசவேண்டும். பூசியதை வெயில் படாமல் ஈரச் சாக்கால் மூடிச் சில நாட்கள் காக்கவேண்டும். முதல் படை இறுகிய பின்னரே அடுத்த படை. அவசரப்பட்டால் வெடிக்கும்.

நான்காவது, வண்ணம். பால்போல் நீர்த்த சுண்ணாம்பை மூன்று தடவைக்குக் குறையாமல் மெல்லியதாக அடிக்கவேண்டும். நிறம் வேண்டுவோர் காவியோ மஞ்சட்காவியோ கலக்கலாம். இதன்மேல் எமல்ஷனும் சிமெண்ட் பட்டியும் வேண்டா.

ஐந்தாவது, எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டவுடன் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. தெறித்துவிட்டால் நிறைய நல்ல நீரால் கழுவிக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும். மேலும் பழைய எனாமல் பெயின்ட்களில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி 2016இல் வெளியாகி 2017 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவு, சன்னல், சுவர்ப் பெயின்ட்டை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். குழந்தைகளை அப்பக்கம் விடாதீர்கள்.

நிறைவாக

நமது அறையின் மூன்று சுவர்களில் இரண்டு முற்றிலும் தேறிவிட்டன. மூன்றாவதில் செங்கற்கள் உள்ளுக்குள் மாவாகியிருந்தமையால் இடுப்பளவு பிரித்துப் புதிதாகக் கட்ட நேர்ந்தது. 1938 முதல் 2006 வரை 68 ஆண்டுகள் நின்ற செங்கல், நமது சிமெண்டின் கீழ்ப் பதினைந்து ஆண்டுகளில் பொடியாயிற்று. அந்த இழப்பு நாம் தேடிக்கொண்டது. வெள்ளை உலர்ந்த சில வாரங்களில் உம்மா அவர்கள் கட்டிலைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னார்கள். இப்போது ஆண்டுக்கொருமுறை நம் பிள்ளைகள் வாளி தூக்குகிறார்கள்.

ஜமாஅத் பெருமக்களே! நாம் வேண்டியது என்றென்றும் கவனிக்கத் தேவையில்லாத ஒரு சுவரை. அப்படியொரு சுவரை எவரும் கட்டியதில்லை. நம் முன்னோர்கள் கட்டித் தந்தது, ஆண்டுக்கு ஒரு நாள் கவனித்தால் தலைமுறைகளைத் தாங்கும் சுவர். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கப்போய் நாம் சுவரையே இழந்துகொண்டிருக்கிறோம். ஆகவே வரும் மழைக்குப்பின் உங்கள் வீட்டுக் காரை கொட்டினால், உளியை எடுப்பதற்கு முன் ஒருமுறை விரலால் தட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதியவர் ஒருவர் உங்கள் தெருவிலோ அடுத்த ஊரிலோ இருந்தால், அவர் இருக்கும்போதே அவரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைகளில் ஒருவரையாவது அவருடன் சில நாட்கள் நிற்கச் செய்யுங்கள்.

உங்கள் இல்லங்களும் அவற்றில் வாழ்வோரும் நலமுடன் விளங்க துஆச் செய்கிறோம். வஸ்ஸலாம்.